அஷ்டமியில் திறக்கும் கடல்

பங்கோர் தீவில் கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் இறங்கி முக்குளிக்க நினைப்பவர், ஈப்போவில் வீட்டைப் பூட்டும் முன்பே நாள்காட்டியைப் பார்த்துவிட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மலாக்கா நீரிணையில் ஓதம் பெரிதாக ஏறும், பெரிதாக வற்றும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அவ்வளவு நீரும் தீவுகளுக்கு இடையிலுள்ள குறுகலான வழிகளில் புகுந்து புறப்படும்போது அடிமண்ணைக் கிளறிக் கடலைக் கலங்கடித்துவிடும். இழுவையும் ஆளைச் சாய்க்கும். நிலா பாதியாகத் தெரியும் நாட்களில்தான் அந்த வேகம் தணியும். மலாய் மீனவர்கள் அந்த நாட்களை 'ஆயர் மாத்தி' என்கிறார்கள். நம் கணக்கில் அது அஷ்டமி, நவமி. நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் தள்ளிவைக்கும் அந்தத் திதிகளில்தான் பங்கோர்க் கடல் மனிதனை உள்ளே விடுகிறது. எங்களுக்கு முக்குளிக்கச் சொல்லிக்கொடுத்த அண்ணன் நாள் குறிப்பது அப்படித்தான்.

அண்ணன் லுமுட் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அதிகம் பேச மாட்டார். படகிலிருந்து குதிப்பவனை விடக் கரையிலிருந்து நடப்பவனுக்குத்தான் கடல் பாடம் நடத்தும் என்பது அவர் கட்சி. படகில் போனால் பாறைத்திட்டின் தலைக்கு மேலேயே கொண்டுபோய் நிறுத்துவார்கள். முதுகுப்புறமாகச் சாய்ந்து விழுந்தால் போதும். கரையிலிருந்து இறங்குபவர் 20 கிலோவுக்கு மேல் எடையை முதுகிலும் இடுப்பிலும் கட்டிக்கொண்டு மணலில் நடந்து, அலையைத் தாண்டி, வழுக்குப் பாறையைத் தாண்டி, திசையைத் தாமே கண்டுபிடித்து, அதே வழியில் தாமே திரும்பியும் வர வேண்டும். ஏற்றிக்கொள்ள மேலே யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

ஈப்போவிலிருந்து லுமுட் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஸ்ரீ இஸ்கண்டார் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனைதான். என் பாட்டி காலத்தில் ரப்பர் நின்ற மண். அறுபதுகளில் பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலிலும், பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோதும், தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாகின. எங்கள் குடும்பம் ஈப்போவில் புந்தோங்குக்கு வந்தது அப்படித்தான். இன்றைக்கும் செம்பனை வரிசைக்கு நடுவே ஒரு சிறிய மாரியம்மன் கோயில் தனியாக நிற்பதைப் பார்த்தால், அங்கே ஒரு தோட்டம் இருந்தது என்று வண்டியில் இருப்பவர்களுக்குச் சொல்லாமல் என்னால் கடந்துபோக முடிவதில்லை.

போத்தாவில் பேராக் ஆற்றைக் கடக்கும்போது அண்ணன் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்வார். ஆற்றின் நிறத்தைப் பார்ப்பதற்காக. மலைப்பக்கம் மழை பெய்திருந்தால் ஆறு செம்மண் நிறத்தில் வரும். அந்த மண் பாகான் டத்தோ முகத்துவாரத்தில் கடலில் கலந்து, நீரோட்டத்தோடு கரையோரமாகப் பரவும். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் பல தலைமுறையாகக் கழுவிவிட்ட மண்ணும் கிந்தா ஆறு வழியாக இந்த ஆற்றில்தான் சேர்ந்தது. தியோமானிலும் ரெடாங்கிலும் 20 மீட்டர் தொலைவு தெரியும் நீரில் முக்குளித்துவிட்டு வருகிறவர்கள் பங்கோர் நீரைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு. இங்கே 3 மீட்டர் தெரிந்தால் நல்ல நாள். ஆனால் கிழக்குக் கரைத் தீவுகள் ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழைக்காக மூடிக்கிடக்கும்போது, தீபகற்பத்தின் முதுகெலும்பு மலைகள் மறைவு தரும் இந்த மேற்குக் கரைதான் நமக்குத் திறந்திருக்கும்.

கடல் தாண்டி வந்த இனம் நாம். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஆட்களை ஏற்றி இறக்கியது. இறங்கியவர்கள் தோட்டத்துக்குள் போனார்கள். அதோடு கடல் முடிந்தது. அதன்பின் தண்ணீர் என்றால் லயத்துப் பொதுக்குழாய். ஆழமான தண்ணீர் என்றால் ஈயக் குட்டை. ஈயம் எடுத்து முடித்துக் கைவிட்ட பள்ளங்களில் மழைநீர் நிறைந்து, கரை செங்குத்தாக, இரண்டாவது அடியிலேயே ஆள் மூழ்கும் ஆழம். பேராக்கில் அந்தக் குட்டைகளில் பறிகொடுத்த பிள்ளைகளின் கதை இல்லாத தமிழ்க் குடியிருப்பு அரிது. தண்ணீர்ப் பக்கம் போனாலே பிரம்படி என்று வளர்ந்த தலைமுறை, தன் பிள்ளைகளையும் அப்படியே வளர்த்தது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. நீச்சல் கற்றுத்தர யாரும் இல்லாத இடத்தில் பிரம்பு ஒன்றுதான் பாதுகாப்பாக இருந்தது.

லுமுட்டில் படகு ஏறித் தீவில் இறங்கியதும் இளஞ்சிவப்பு நிற வேன்கள் காத்திருக்கும். கிழக்குப் பக்கம் நெத்திலி காயும் மீனவக் குப்பங்கள், 1670இல் டச்சுக்காரர்கள் ஈயம் சேமிக்கக் கட்டிய கோட்டையின் செங்கல் சுவர், நடுவே காடு, மேற்குப் பக்கம் தெலுக் நிப்பா. கடற்கரையின் வடகோடியில், மணலை ஒட்டியே ஓர் அம்மன் ஆலயம். மாசி மகத்துக்கு மஞ்சோங், சித்தியவான், ஆயர் தாவார், தெலுக் இந்தான் என்று நாலாபக்கமிருந்தும் நம் மக்கள் திரண்டு வருவார்கள். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டியே வரும். ஆகவே கடல் மிகப் பெரிதாக ஏறி, கோயிலை நெருங்கி வரும் நாட்களில்தான் அம்மனுக்குத் திருவிழா. பக்தர்களுக்கு அது உகந்த நாள். முக்குளிப்பவர்களுக்கு அந்த வாரம் விடுமுறை.

நாங்கள் இறங்கும் இடம் கோயிலுக்கு அப்பால், தெலுக் நிப்பாவையும் கோரல் பே கரையையும் பிரிக்கும் பாறை மூக்குப் பக்கம். எதிரே கியாம், மெந்தாகோர் என்று இரண்டு சிறு தீவுகள். கலிபோர்னியாவின் கார்மெல் ஊரில் மோனஸ்டெரி கடற்கரை என்று ஒன்று இருக்கிறது. பருமணல் செங்குத்தாகச் சரிந்து, கரைக்கு மிக அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கும். இறங்கும்போதும் ஏறும்போதும் அலையில் சிக்கிப் பலர் உயிர் விட்ட இடம். அப்படிப்பட்ட அலை பங்கோரில் கிடையாது. இங்கே சிரமம் வேறு வகை. கலங்கல், பாறை மூக்கைச் சுற்றி ஓடும் இழுவை, தலைக்கு மேல் சுற்றுலாப் படகுகள். மூன்றாவதுதான் என்னை அதிகம் பயமுறுத்துவது. ஜெட் ஸ்கீ ஓட்டுபவருக்குக் கீழே ஆள் இருப்பது தெரியாது. அதனால் கயிற்றில் கட்டிய சிவப்பு மிதவையை இழுத்துக்கொண்டேதான் போவோம். மிதவை இல்லாமல் இந்தக் கரையில் இறங்கவே கூடாது.

ஏற்றம் முடிந்து நீர் நின்று, வற்றம் தொடங்குவதற்கு முன்பு ஒரு சிறு இடைவெளி வரும். அதில்தான் எங்கள் வேலை. அண்ணன் அதற்கு வெகுநேரம் முன்பே மணலில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பார். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. பெரியவை சில சேர்ந்து வரும், பிறகு சின்னவை சில. அந்தத் தாளம் பிடிபடும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் ஒரு சுள்ளியை நீரில் எறிந்து, எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக அது நகர்கிறது என்றும் பார்ப்பார். எதிர்நீரில்தான் புறப்பட வேண்டும். களைத்துத் திரும்பும்போது நீர் நம்மைக் கொண்டுவர வேண்டும்.

ஆபத்தான இடம் முழங்கால் அளவு தண்ணீர். ஆழம் இல்லை என்று நினைத்து மாஸ்க்கை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ரெகுலேட்டரை மார்பில் தொங்கவிட்டு நடப்பவர்களைத்தான் அலை தட்டிவிடும். விழுந்த பிறகு அவ்வளவு சுமையோடு எழ முடியாது. எனவே கரையிலேயே மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில். துணைவரின் தோள்பட்டைப் பட்டையை ஒரு கை பிடித்திருக்கும். அலைக்கு நெஞ்சைக் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பி, காலைத் தூக்காமல் மணலில் தேய்த்து நடக்க வேண்டும். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், கால் உரசினால் ஓடிவிடும், மிதித்தால் வாலால் குத்தும். இடுப்பளவு நீர் வந்ததும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி ஃபின்னை மாட்டிக்கொண்டு, அடுத்த அலைக்கு அடியில் தலையைக் கொடுத்து முன்னே போய்விட வேண்டும். அலையில் விழுந்தால் நிற்க முயலாமல் தவழ வேண்டும். "எந்திரிக்காத, தவழு. கௌரவம் பாக்காத" என்பது அண்ணன் புதியவர்களிடம் தவறாமல் சொல்லும் வாக்கியம்.

திசைகாட்டியைக் கரையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். போகும்போது மேற்கு, 270 பாகை. திரும்பும்போது 90. சிலிண்டரில் 200 பார் காற்று; அதில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைத்திருப்பதற்கு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே உள்ளதைப்போல் இரு மடங்கு. காற்றும் இரு மடங்கு வேகத்தில் தீரும். இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர் கரையிலிருந்து இறங்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கீழே வெளிச்சம் பச்சையாக இருக்கும். முதலில் மணல், பிறகு சிப்பி ஒட்டிய உருண்டைப் பாறைகள், அவற்றின் இடுக்குகளில் நீள முட்களை ஆட்டிக்கொண்டு கறுப்புக் கடல் முள்ளிகள். 3 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாததால் கண் தானாகவே கிட்டத்தில் இருப்பதைத் தேடத் தொடங்குகிறது. தெளிந்த கடலில் திமிங்கிலச் சுறா வராதா என்று தூரத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தவறவிடுவதெல்லாம் இங்கே கிடைக்கும். ஒரு பாறைக்கு அடியில் உள்ளங்கை அகலக் கணவாய் ஒன்று. நாங்கள் அசையாமல் மிதந்தோம். அதன் முதுகில் கோடுகள் ஓடின. பழுப்பிலிருந்து மணல் நிறம், மணல் நிறத்திலிருந்து பாறை நிறம். தோல்கூடப் பாறையின் சொரசொரப்பைப் போல் முடிச்சு முடிச்சாக எழும்பியது. துணைவரின் குமிழி ஒன்று அருகில் போனதும் ஒரே பாய்ச்சலில் மறைந்துவிட்டது.

இன்னும் கொஞ்சம் தள்ளி, பாறையைச் சுற்றி நைலான் வலை ஒன்று சிக்கிக் கிடந்தது. யாரோ இழந்த வலை; கைவிடப்பட்ட பிறகும் மீன் பிடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே இரண்டு நண்டுகள், ஒன்று உயிரோடு. அண்ணன் கத்தியை எடுத்து ஒவ்வொரு கண்ணியாக அறுத்தார். அவசரப்பட்டால் கலங்கல் எழும்பிக் கத்தி தெரியாது. அறுப்பவரின் சிலிண்டரே வலையில் மாட்டிக்கொள்ளும். நண்டு விடுபட்டு மணலில் ஓடியது. வலையில் வெட்ட முடிந்ததை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு, காற்றுக்கணக்கு சொன்ன இடத்தில் திரும்பினோம். மீதி வலை இன்னும் அங்கேதான் இருக்கும்.

இறங்காமல் திரும்பிய நாட்களும் உண்டு. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பின்னிரவிலோ விடியற்காலையிலோ, சுமத்ராப் பக்கமிருந்து நீரிணையைக் கடந்து ஒரு காற்று வரும். 'சுமத்ரா' என்றே பெயர். மேற்கே அடிவானத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரியும். பிறகு பேய்க்காற்று, மழை. அது ஓய்ந்த பிறகு வானம் வெளுத்துவிடும், கடல் மட்டும் குமுறிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு காலையில், ஈப்போவிலிருந்து வந்திருந்த இளைஞர்கள் உடையெல்லாம் மாட்டித் தயாராக நின்றார்கள். அண்ணன் கடலைப் பார்த்தார், சுள்ளியை எறிந்தார். "இன்னைக்கு வேணாம்டா. கழட்டுங்க" என்றார். ஒருவர் வாதாடிப் பார்த்தார். அண்ணன் பதில் சொல்லாமல் தன் சிலிண்டரை வேனில் ஏற்றினார். கரையிலிருந்து இறங்குபவரிடம் இதைவிடப் பெரிய தேர்ச்சி எதையும் நான் பார்த்ததில்லை.

வலையை அறுத்த அன்று, கோயில் வாசலில் ஒரு பாட்டியம்மா பேரனோடு உட்கார்ந்திருந்தார். ஆயர் தாவார் பக்கம் தோட்டத்தில் பால் வெட்டியவர். நாங்கள் நீர் சொட்டச் சொட்ட ஏறி வந்தபோது கூப்பிட்டார்.

"தம்பி, அடியில என்னப்பா இருக்கு?"

கணவாயைச் சொன்னேன், வலையைச் சொன்னேன். பையன் என் மாஸ்க்கை வாங்கித் தன் முகத்தில் வைத்துக் கோயில் கோபுரத்தைப் பார்த்தான்.

"மூச்சு எப்படி அடக்குறீங்க?"

"அடக்கவே கூடாது பாட்டி. விடாம மூச்சு விட்டுக்கிட்டே இருக்கணும்."

அவர் நம்பவில்லை. நம்பாததில் நியாயம் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி, மூச்சை அடக்கி இறங்கியவர்கள்தாம். அங்கே கடைசி அரசு முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அவர்கள் மேலே இழுத்த மூச்சோடு போய் அதே மூச்சோடு திரும்பினார்கள். நாங்கள் கீழே அழுத்தமான காற்றைச் சுவாசிக்கிறோம். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது நுரையீரலுக்குள் விரியும். ஓரிரு மீட்டர் ஏற்றமே நுரையீரலைக் கிழித்துவிடப் போதும். ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக ஏறினால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். அதற்கு வைத்தியம் அழுத்த அறை. அந்த விஷயத்தில் பேராக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்: லுமுட் ராணுவ மருத்துவமனையில் ஆழ்கடல் மருத்துவத்துக்கென்றே ஒரு கழகமும் அழுத்த அறையும் இருக்கின்றன. பங்கோரிலிருந்து பார்த்தால் எதிர்க்கரைதான்.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது என் பாட்டி ரப்பர்ப் பால் பிடித்த மங்கு. 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாக இன்றும் மாவட்ட அலுவலகம் அருகே நிற்கிறது. பேராக்கின் ரப்பர்க் கதை அங்கே தொடங்கியது. 1930களில் உலகிலேயே அதிக ரப்பர் மலாயாவிலிருந்துதான் போனது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் மனிதன் கடலுக்குள் மூச்சுவிட்டபடி நீந்தக் கற்றான். பிரான்சின் லூயி டி கோர்லியூ நீச்சல் ஃபின்னுக்கு 1933இல் காப்புரிமை பெற்றார், ரப்பர். 1943இல் கூஸ்தோவும் கன்யானும் செய்த அக்வாலங் கருவியின் குழாய்கள், ரப்பர். இப்போது சிலிகானும் நியோப்ரீனும் வந்துவிட்டன. ஆனால் மனிதன் முதன்முதலில் மீனைப்போல் மூச்சுவிட்டு நீந்தியது பால்மரத்தின் தயவில். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அந்தப் பாலை வெட்டியவர்களில் ஒருவருக்கும் அது எங்கே போகிறது என்று தெரியாது. பாட்டி சாகும்வரை கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

பாலித் தீவில் துலாம்பென் என்ற கிராமத்துக்குப் போனபோது இது இன்னும் அழுத்தமாக உறைத்தது. உலகில் கரையிலிருந்து இறங்கிப் பார்க்கக்கூடிய கப்பல் சிதைவுகளில் அங்கே இருப்பது மிகப் புகழ்பெற்றது. லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல், 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலுக்கு ஆளாகி அந்தக் கரையில் ஏற்றி நிறுத்தப்பட்டது. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது அதிர்ச்சியில் சரிந்து கடலுக்குள் போனது. அதன் சரக்கு ரயில் உதிரிபாகங்களும் ரப்பரும். கரை முழுக்கக் கூழாங்கல். அலை பின்வாங்கும்போது கற்கள் காலடியிலிருந்து உருண்டு ஓடும், நிற்பவர் சறுக்கி விழுவார். அந்தக் கல்லில் ஊர்ப் பெண்கள் சிலிண்டரைத் தலையில் ஏற்றிக்கொண்டு கை பிடிக்காமல் நடந்து வருகிறார்கள். எங்கள் தோட்டத்துப் பெண்கள் காண்டாவில் பால் வாளிகளை மாட்டித் தோளில் வைத்து மேட்டிலிருந்து இறங்கிய அதே நடை. சுமப்பவர்கள் கரையிலேயே நின்றுவிட, நான் உள்ளே போனேன். அவர்களின் பிள்ளைகள் சிலர் இப்போது அங்கே முக்குளிப்பு வழிகாட்டிகளாக வேலை செய்கிறார்கள் என்று கேட்டபோது மனம் நிறைந்தது.

பேராக்கிலும் அது நடக்க வேண்டும். கடல் நமக்கு 80 கிலோமீட்டரில் இருக்கிறது. அதற்குள் இறங்கத் தெரிந்தவர்கள் அண்ணனைப்போல் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். நேராக ஸ்கூபாவுக்கு ஓட வேண்டாம். முதலில் நீச்சல். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு விளையாட்டு விழா நடத்துகின்றன. அதோடு பிள்ளைகளை வாரம் ஒரு நாள் ஊர் நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போகவும் முடியும். ஆலய நிர்வாகங்கள் மாசி மகத்துக்குப் பந்தல் போடுகின்றன. கரையில் நீச்சல் தெரிந்த நாலு தொண்டர்களை மிதவையோடு நிறுத்தவும் முடியும். அன்று ஓதம் பெரிது, இழுவை கடுமை என்பதை ஒலிபெருக்கியில் ஒரு முறை சொன்னாலே போதும்.

நீந்தத் தெரிந்து, முறையாகப் பயிற்சி முடித்துச் சான்றிதழும் வாங்கியவர்கள், தெலுக் நிப்பாவில் இறங்குவதாக இருந்தால், இடம் தெரிந்த ஒருவரோடு வாருங்கள். மிதவை, கத்தி, திசைகாட்டி மூன்றும் இருக்கட்டும். வார நாளில் வந்தால் படகுகள் குறைவு. அமாவாசை, பௌர்ணமி வாரங்களில் வராதீர்கள். அஷ்டமி பார்த்து வாருங்கள்.